தீ கேட்ட கோடி

அண்ணா,

நேற்று கண் ஆஸ்பத்திரியில் என் கட்டிலைச் சுற்றிப் புதுத் திரை ஒன்றை இழுத்துவிட்டார்கள். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் எதுவும் தெரியவில்லை. வாடை மட்டும் வந்தது. லேசான மீன் கவுச்சி, அதன்மேல் சூடான பிளாஸ்டிக். "ஏனுங்க, அண்ணனா?" என்று கேட்டுப்போட்டேன். "இங்க ஆருமில்லீங்க" என்றார் பக்கத்துக் கட்டில்காரர். திரை என் முழங்கையைத் தொட்டபடி இருந்தது.

எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

கூடப் பிறக்காத அண்ணன் நீங்கள். சிங்காநல்லூர் கம்பெனியில் மருந்துத் தொட்டி உங்களுடையது, சூட்டு மிஷின் என்னுடையது. பாலியஸ்டர் துணி உங்கள் தொட்டியில் முங்கி, உருளையில் பிழிபட்டு, என் சூட்டுக்குள் போய் வெளியே வரும். தீப்பிடிக்காத திரைத்துணி. மீன் கவுச்சியும் சூடான பிளாஸ்டிக்குமாக அதில் அடிக்கும் வாடைதான் உங்கள் மேலும் அடிக்கும். ஒரு துண்டை நறுக்கிக் கம்பியில் தொங்கவிட்டு அடியில் தீ காட்டுவீர்கள். மருந்து ஏறாத துணி எரிந்தபடியே சொட்டி, கீழே விரித்த பஞ்சையும் கொளுத்திவிடும். உங்கள் துணி தீயைக் கண்டதும் சுருண்டு பின்வாங்கும். சொட்டு அணைந்துதான் விழும். "பாத்தியா, தீ உள்ள வரட்டுமான்னு கேக்குது. நாம வேண்டாங்கறோம்" என்பீர்கள்.

"இதக் கட்டீட்டுப் போனா நரகத்துலயும் வேகாதுங்களே அண்ணா."

"போடா, அங்க பருத்தி வேட்டிதான் குடுப்பாங்க."

ஒரு காலையில் தொட்டியோரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீங்கள் எழவேயில்லை.

வேலையில் இருந்தவர் போனால் கம்பெனித் துணியிலேயே கோடி போர்த்துவது எங்கள் வழக்கம். அன்று உருளையில் வெள்ளைத் துணி இருந்தது. நல்ல வெள்ளை. நாலு பேர் பிடித்துக் கிழித்தோம். தினமும் கையில் புரளும் துணிதானே, அது என்ன துணி என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

சுடுகாட்டில் அந்தக் கோடி உங்களை மூடி, விறகுக்கு வெளியேயும் தொங்கியது. உங்கள் மகன் முதுகைக் காட்டி நின்று கொள்ளி வைத்தான். தீ துணியின் ஓரத்தைத் தொட்டது. துணி சுருண்டு விலகியது. ஒரு சொட்டு விழுந்தது, அணைந்தது. மறுபடி வைத்தான். மறுபடியும் அப்படியே. நெஞ்சின்மேல் வைத்த கற்பூரம் வட்டமாக ஓர் ஓட்டை போட்டுவிட்டுச் செத்தது.

உங்கள் பெரியப்பா மகன்தான் வாயைத் திறந்தார். "பொண்டாட்டி மனசு உடலீங்க. அவ புடிச்சு வெச்சிருக்கறா."

நாலு பேர் தலையாட்டினார்கள். அந்தப் பேச்சு எங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் அண்ணியின் கதி என்னவென்று எனக்குப் பகீரென்றது. "அது மருந்துத் துணிங்க! எடுங்க!" என்று கத்திக்கொண்டே நானே பிடித்து உருவினேன். உள்ளே உங்கள் பழைய வேட்டி.

கொள்ளியை இன்னும் கிட்டக்கூடக் கொண்டுபோகவில்லை, அண்ணா. அணைந்துவிட்டதென்று நினைத்த விறகோரத்திலிருந்து தீ எழுந்தது. காற்றில்லை. கால்மாட்டிலிருந்து தலைமாட்டுக்கு ஒரே ஓட்டமாக ஓடியது. பந்திக்கு வெளியே நிறுத்தி வைக்கப்பட்டவன் பாய்ந்து வந்து இலையில் உட்கார்ந்தாற்போல. பெரியப்பா மகன் இரண்டடி பின்னால் போனார். தீயோடே பழகிய நானும் போனேன்.

திரும்பி வந்தபோது அண்ணி நடையில் நின்றிருந்தார். பேச்சு எனக்கு முன்பே வந்துவிட்டது.

"ஏனுங் கொழுந்தனாரே, அவரு போகமாட்டேன்னாருங்களாமா? நாந்தேன் புடிச்சு வெச்சிருக்கறனாமா?"

"இல்லீங்க அண்ணி. அது துணிக்குப் போட்ட மருந்துங்க. அண்ணன் கையால போட்டதுங்க. துணிய எடுத்ததும் போயிட்டாருங்க."

"செரமப்பட்டாரா?"

"இல்லீங்க. வெடுக்குன்னு போயிட்டாருங்க."

அண்ணி சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அதன்பின் யார் என்ன சொன்னாலும், "மருந்துங்க அது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அந்த வார்த்தைதான் இன்றுவரை அவரை நிமிர்ந்து நடக்க வைத்திருக்கிறது.

துணி மறுத்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும், அண்ணா. அதில் பயமில்லை. துணியை உருவியதும் தீ வந்த வேகம் இருக்கிறதே, அதற்கு எந்த மருந்தின் பேரைச் சொல்வது? அண்ணியிடம் அந்த வேகத்தை ஆறுதலாக்கிக் கொடுத்துவிட்டேன். அதிலிருந்த பயம் மட்டும் என்னிடம் மிச்சம் இருக்கிறது.