போட்டோவில் இல்லாத இடது கால்

மேனாம்பேடு,
14.9.1993

கர்த்தருக்குள் பிரியமான மகன் எட்மண்டுக்கு, சித்தப்பா பாஸ்கல் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அங்கே நீயும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், ஆனால் உன் சுகத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டதால் அந்த வரியை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஷார்ஜாவில் உன் அறையில் இருக்கும் வேப்பம்பட்டு வேம்புலி லீவில் வந்து, நீ கொடுத்தனுப்பிய சோப்பு, தைலம், போட்டோ எல்லாம் கொடுத்தான். போட்டோவில் பிளைவுட் அடுக்குக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி சிரிக்கிறாய், வலது கால் தெரிகிறது, இடது கால் பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அண்ணி அவனுக்குக் காபி கொடுத்து, எட்மண்டு வேலைக்கு பஸ்ல போறானா நடந்து போறானாப்பா என்று சும்மாத்தான் கேட்டார்கள். அவன், இப்ப சோக்கா நடக்குறாம்மா என்று சொல்லிவிட்டு, மீதிக் காபியையும் குடிக்காமல், ரயிலுக்கு நேரமாச்சு என்று ஓடிவிட்டான். 'இப்ப' என்றால் முன்பு நடக்கவில்லையா? அந்த 'இப்ப'வை வைத்து நான் நடத்திய விசாரணையைப் பார்த்தால் சிபிஐக்காரர்களே மேனாம்பேட்டில் வீடு பிடித்து என்னிடம் டியூஷன் படிப்பார்கள்.

ஹெல்பர் ஊருக்குப் போய்விட்டான், எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகையை நானே தனியாகத் தூக்குகிறேன் என்று முன்பு கடிதத்தில் பெருமையடித்தாயே. பலகை நழுவினால் முனை உடைந்து முதலாளி திட்டுவான் என்று அடியில் காலைக் கொடுக்கிற புத்தி நம்ம இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ஆளுங்க ரத்தத்துலயே கீது என்பான் எங்கள் கம்பெனி ஜெயராமன். நீயும் இடது காலைக் கொடுத்திருப்பாய். மகனே, நழுவினால் விட்டுவிட்டு விலகி நில், பலகை போகட்டும். தகர ஷீட்டுகளின் சக்கரவர்த்தி சொல்கிறேன் கேள், பலகையை நீளவாக்கில் நிறுத்து, கயிற்று வளையத்தின் இரண்டு கோடியையும் கீழ் மூலைகளில் மாட்டு, நடுக்கயிற்றைச் சேர்த்துப் பெட்டிக் கைப்பிடி மாதிரி ஒரு கையில் பிடி, மறுகையால் மேல் விளிம்பை அணைத்துக்கொள், முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி எழுந்திரு. சாய்த்த அடுக்கின் நடுவிலிருந்து ஒன்றையும் உருவாதே. காற்றில் வெளியே கொண்டுபோகாதே, நான் ஒரு ஆடி மாதம் ஷீட்டோடு கிளம்பி, திருவேற்காடு கோபுரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, சாப்பாட்டு மணிக்குக் கம்பெனியில் இறங்கியவன்.

வேம்புலி திரும்பும்போது முன்பக்கம் இரும்பு வைத்த ஷூ ஒரு ஜோடி கொடுத்தனுப்புகிறேன். இரண்டு காலிலும் போட்டு, பக்கத்தில் பலகை, கதவு, நண்பன் எதுவும் இல்லாமல் நின்று போட்டோ எடுத்து அனுப்பு. இடது ஷூ ஏறவில்லை என்றால் போட்டோ வேண்டாம், உள்ளதை எழுது. அண்ணி அழுவார்கள், பரவாயில்லை. இப்போது அழவும் முடியாமல், அந்தப் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக. கால்களை மட்டும் தனியாகச் சொல்லி ஜெபிக்கிறோம்.

ஆசீர்வாதங்களுடன்,
சித்தப்பா பாஸ்கல்

மறக்காதே: முதலில் இடது ஷூவைப் போடு.