தமிழில் சொன்ன இடங்கள்

ரூ பிலிப்-து-ஜிரார், பாரிஸ்
6.3.1988

அன்புள்ள தம்பி யோன்,

நான் நலம். நீங்கள் எல்லோரும் சுகமென்று நம்புகிறேன்.

மூன்றாவது யானையும் போய்விட்டது. அதன் கழுத்துப்பட்டியிலிருந்து விண்ணிலுள்ள செய்மதி வழியாக எங்கள் அலுவலகத்துக்கு வரும் குறி அசையவில்லை. யானைகள் நிற்பதாக நான் டெலெக்ஸில் அனுப்பும் இடங்களை நீ சரணாலயக் காவலர்களுக்கு ரேடியோவில் ஆங்கிலத்தில் வாசிக்கிறாய். வேட்டைக்காரரிடம் ரேடியோ இருக்காதா? தமிழில் வாசி. காவற்சாவடிக்குப் பக்கத்துப் பள்ளியில் நம்மவர் மடுத்தீன் மாஸ்டர் இருக்கிறாரே. அவர் கேட்டுக் காவலர்களுக்குச் சொல்லட்டும்.

இங்கே மரக்கறிக்கடை இராஜதுரைக்கு என் வேலை வேடிக்கை. "அக்கா, யானைக்குக் கட்டினது போதும். என்ர மனிசிக்கும் ஒண்டு கட்டி விடுங்கோ, எந்தக் கடையில நிக்கிறா எண்டு பாப்பம்" என்கிறார்.

அன்புடன்,
அக்கா இம்மாகுலேற்

சாம்பியா
17.4.1988

அன்பின் அக்கா,

உங்கள் யோசனை பலித்தது. தமிழ் தொடங்கிய பிறகு ஒரு யானையும் சாகவில்லை. "ஓம், விளங்குது. சொல்லும் சம்பந்தி" என்கிறார் மாஸ்டர். சம்பந்திதான். அவருடைய மகனுக்கு எங்கள் மகள் சிசிலியாவைப் பேசி முடித்துவிட்டோம். இந்தப் பக்கம் நம்மவர் இரண்டே குடும்பம், வேறெங்கே தேடுவது? ஆவணியில் கலியாணம். நீங்கள் வரவேண்டும்.

தம்பி யோன்

பாரிஸ்
12.6.1988

தம்பி,

பிள்ளைக்கு என் ஆசீர்.

சென்ற மாதம் மீண்டும் இரண்டு யானைகள் செத்தன. காவலர்கள்தான் காட்டிக்கொடுக்கிறார்கள் என்றாய். அதனால் யானையே இல்லாத ஓர் இடத்தை அனுப்பி, மாஸ்டருக்கு மட்டும் சொல், காவலர்களுக்குப் போகவேண்டாம் என்றேன். பிறகு உன் டெலெக்ஸ் வந்தது. அந்த வறண்ட மேட்டில் வேட்டைக்காரரின் அடுப்புச் சாம்பல் கிடந்ததாம். அங்கே அவர்களுக்கு என்ன வேலை?

உங்கள் பக்கம் அந்த இடம் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் நீ. மற்றவரை நீ கேள்.

இம்மாகுலேற்

சாம்பியா
10.7.1988

அக்கா,

கேட்டேன். மாஸ்டர் மறுக்கவில்லை. "யானை ஆரின்ர சாமான், யோன்? பிள்ளையளின்ர கலியாணச் செலவுக்குத்தானே செய்தனான்" என்றார். தேத்தண்ணி தந்தார். குடித்தேன்.

மேலிடத்துக்கு நான் அறிவிக்கவில்லை. சிசிலியாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அறிவிக்க என்னால் முடியாது. இனி இடங்களை எனக்கு அனுப்பாதேயுங்கள். லுசாக்காவிலுள்ள தலைமையகத்துக்கு அனுப்புங்கள். ஏனென்று கேட்பார்கள். என்ன எழுதுவதென்பது உங்கள் விருப்பம்.

யோன்

பாரிஸ்
24.7.1988

தம்பி,

லுசாக்காவுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டேன். ஏனென்று கேட்டார்கள். மாஸ்டரின் பெயரை எழுதினேன். உனக்கும் தெரியும் என்பதை எழுதவில்லை. அதை மறைத்தது நான் செய்த பிழை என்றே நினைக்கிறேன்.

கலியாணம் நடந்தால் பிள்ளைக்கு என் ஆசீரைச் சொல். நடக்காவிட்டால், ஏனென்று அவளுக்கு நானே எழுதுவேன்.

அக்கா