அடைப்புக்குறிக்குள் அவர் பெயர்

ஐப்பசி 14, செவ்வாய்

பூதலூர் வாய்க்கால்களில் முழங்கால் சேற்றில் நின்று நான் எடுத்த நீர் அளவுகளை, என் ஆய்வு வழிகாட்டி தன் பெயரில் கட்டுரையாக வெளியிட்டுவிட்டார். இன்று காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் மென்பொருள், என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயமே அவரிடமிருந்து திருடியது என்கிறது.

வழிகாட்டியிடமே போய்ச் சொன்னேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். சிரித்தார். “நம்ம பேப்பர்தானே சார்? என் பேரைப் போட்டு சைட் பண்ணிடுங்க, சரியாப் போயிடும். இல்லன்னா நான் எப்படிங்க கையெழுத்துப் போடுறது?”

மேற்கோள் மென்பொருளில் அந்தக் கட்டுரையைச் சேர்த்தேன். ஒவ்வொரு அளவுக்குப் பின்னும் ஒரு தட்டு தட்டினால் போதும், அடைப்புக்குறிக்குள் அவர் பெயர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. துணைநூற்பட்டியலையும் அதுவே போட்டுவிட்டது. ஒரு பிழையும் இல்லை.

நன்றியுரை மட்டும் பாக்கி. அதை நான்தான் எழுத வேண்டும். அவரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.