குங்கிலியம் பூசிய கண்ணாடிக் கதவு

மச்சான்,

நம் மகள் ஊரப்பாக்கத்து வீட்டில் குளிக்கிற அறைக்குக் கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறாள். கொஞ்ச நாளாக அதன் அடியில் தண்ணீர் ஒழுகி, படுக்கிற அறை வரைக்கும் வந்துவிடுகிறது. இன்று காலை அதைச் சரிசெய்ய ஓர் ஆள் வந்தான். வெள்ளைப் பசையைப் பிதுக்கிப் பிதுக்கிக் கண்ணாடி ஓரமாகப் பூசினான். வீடெல்லாம் புளித்த காடி நாற்றம். நான் அவன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழ்ச் சட்டத்தில், உள்பக்கமாக, இரண்டு பொடி ஓட்டைகள் தெரிந்தன.

"தம்பி, அத்த அடைச்சிடாத."

"சட்டத்துல தேங்குற தண்ணி திரும்பி உள்ள எறங்குற வழிம்மா அது. அத்தப் போயி எந்த முட்டாளாவது அடைப்பானா?"

அந்த முட்டாள் நீதான் மச்சான். சிரிப்பு வந்தது. கூடவே அந்தப் பழைய எரிச்சலும் வந்தது.

கோவளத்துக் கரையில் படகு இடுக்கு அடைப்பதுதானே உன் தொழில். பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சைத் திணிப்பாய், குங்கிலியத்தை எண்ணெயில் குழைத்து மேலே பூசுவாய். நீ பூசிய படகில் சொட்டுத் தண்ணீர் ஏறாது. அப்போதுதான் கரையோரம் பங்களா கட்டிக்கொண்டு வந்தாள் ஒரு பட்டணத்து அம்மா. புருஷன் இல்லை, தனி ஆள். அவள் குளிக்கிற அறையில் அண்ணன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கண்ணாடிக் கதவு. அது ஒழுகியது. செங்கல்பட்டு வரைக்கும் தேடியும் அதைச் சரிசெய்ய ஆள் கிடைக்கவில்லையாம். தண்ணீரை நிறுத்தத் தெரிந்தவன் என்று உன்னைக் கூப்பிட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நான் வாயால் சொல்லாத பெயர்.

ஒரு நாள் வேலை என்று போனாய். மறுநாளும் போனாய். வாரம் முழுக்கப் போனாய். நம் வீட்டுப் பின்பக்கம் நான் குளிக்கிற ஓலைத் தட்டி காற்றில் சாய்ந்து கிடந்தது. பாவாடையை மாரில் ஏற்றிக் கட்டிக்கொண்டு, யாராவது வருகிறார்களா என்று பார்த்துப் பார்த்து, ரெண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு உள்ளே ஓடுவேன்.

"தட்டிய எப்ப கட்டப்போற?"

"கட்றேம்மே. அங்க தண்ணி இன்னும் நிக்கல."

"அவளுக்குக் கண்ணாடி. எனக்கு ஓலகூட கெடையாதா?"

"காலங்காத்தால பேஜாரு பண்ணாத" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

மீன் விற்கிற இடத்தில் பக்கத்துக்காரி சும்மா விட்டாளா? "இன்னாடி, கண்ணாடிக் கதவாமே! உன் வூட்டுக்காரரு ஒழுவறத பாக்குறாரா, வேற எதுனா பாக்குறாரா?" எல்லோரும் சிரித்தார்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு நேரே பங்களாவுக்கு வந்தேன்.

நீ தரையில் மண்டி போட்டிருந்தாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒரே இடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தப்பாக ஒன்றும் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது. என்னோடு சேர்ந்து நீ எதையும் அப்படிக் குனிந்து பார்த்ததில்லை.

"தள்ளுங்கம்மா, நான் ஊத்துறேன்" என்று மீன் கையோடு உள்ளே நுழைந்தேன். ஊற்றினேன். தண்ணீர் கீழ்ச் சட்டத்துக்குள் போய் நிரம்பி, இறங்க வழியில்லாமல் உன் பக்கமாக வழிந்தது. சட்டத்தில் இரண்டு இடத்தில் குங்கிலியத்தை உருட்டித் திணித்திருந்தாய்.

"இன்னா மச்சான், இங்க எதுக்கு அடைச்சி வெச்சிகீற?"

"ஓட்ட இருந்திச்சி, அடைச்சேன். ஓட்டையப் பாத்துகினு சும்மா வர்றவனா நானு?"

கொண்டை ஊசியைப் பிடுங்கித் தோண்டினேன். தேங்கிய தண்ணீர் என் காலடிக்கே திரும்பி வந்தது. உன் பக்கம் நின்றுவிட்டது.

அவள் கை தட்டினாள். "படகுக்குத் தண்ணி வெளியில. இதுக்கு உள்ளேன்னு மறந்துட்டியே!" நீயும் விழுந்து விழுந்து சிரித்தாய். தோண்டியவள் நான். நீ சிரித்தது அவளைப் பார்த்து.

மறுநாளே எனக்குத் தட்டி கட்டினாய், இல்லை என்று சொல்லமாட்டேன். நாலு பக்கமும் புது ஓலை, உள்ளே நிற்க ஒரு கல். ஐப்பசிப் புயலில் ஓலை, கம்பு எல்லாம் கடலோடு போயிற்று. அடுத்த வருஷம் மஞ்சள் காமாலை வந்து நீயும் போய்விட்டாய்.

காரியம் முடிந்ததும் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். உன் கை செய்தது என்று ஒன்றும் இல்லை. நீ பூசிய படகெல்லாம் ஊரான் படகு. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். "அந்தக் கதவ ஒரு தரம் பாக்கணும்மா" என்றேன். அவள் வழிவிட்டாள்.

கண்ணாடி ஓரத்தில் குங்கிலியம் கறுத்து இறுகியிருந்தது. மூலையில் உன் கட்டைவிரல் அழுத்திய பள்ளம். ரேகைகூடத் தெரிந்தது. என் விரலை அதில் வைத்தேன். உன்னுடையது பெரிது. நகத்தால் நெம்பினால் கையோடு வந்திருக்கும். நெம்பத்தான் போனேன். வெளியே அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. உனக்காக அவள் ஏன் அழ வேண்டும்?

எடுக்கவில்லை மச்சான். எடுத்தால் மறுபடி ஒழுகும். வேறு எவனையாவது கூப்பிடுவாள். அவன் உன்னைச் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் பூசுவான். அவள் வீட்டிலாவது நீ இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன்.

தலை நரைத்தும் இந்தப் பொறாமை என்னைவிட்டுப் போகவில்லை. தினமும் குளிக்கப் போகையில் அவள் உன் விரலைத் தாண்டித்தானே போயிருப்பாள்.