கைத்தையல் போட்ட பொட்டாஷ் மூட்டைகள்

அனுப்புநர்:
கு. யுவராணி, பதினொன்றாம் வகுப்பு,
த/பெ. குப்புராஜ்,
சின்னாண்டிகொட்டாய், கம்பைநல்லூர் வழி,
தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
உர ஆய்வாளர் அவர்கள்,
வேளாண்மை அலுவலகம்.

பொருள்: கரும்புக்கு அறுபதாம் நாள் வைத்த பொட்டாஷில் உப்பு கலந்திருந்தது – தொண்ணூறாம் நாளுக்கென வைத்திருக்கும் பிரிக்காத மூட்டையில் உடனே மாதிரி எடுக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

நடந்த எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதுகிறேன். எங்கள் பக்கத் தவறையும் மறைக்க மாட்டேன்.

1. எங்களுக்கு ஓர் ஏக்கர் ஆலைக் கரும்பு உள்ளது. அப்பா ஓசூரில் கம்பெனி வேலையில் இருப்பதால் பயிரை அம்மா நிர்மலாதேவிதான் பார்க்கிறார். ஜூன் 29 அன்று கரணை நட்டோம். கரும்புச் சாகுபடிக் கையேட்டைப் படித்து 30, 60, 90 ஆகிய நாள்களைக் காலண்டரில் வட்டமிட்டது நான். முப்பதாம் நாள் யூரியாவும் வேப்பம் புண்ணாக்கும் வைத்தோம். தூர் நன்றாக வெடித்தது. ஒரு குத்தில் ஒன்பது வரை எண்ணினேன்.

2. எங்கள் ஊரில் அறுபதாம் நாளும் யூரியா மட்டுமே போடுவார்கள். பொட்டாஷும் சேர்க்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். கூட்டுறவுச் சங்கத்தில் இருப்பு இல்லாததால், ஊர்ச் சாலையில் உள்ள தனியார் உரக்கடையில் அம்மா இரண்டு மூட்டை வாங்கினார். ஒன்றை ஆகஸ்ட் 28 அன்று குத்துக்குக் குத்து வைத்துத் தண்ணீர் பாய்ச்சினோம். மற்றொன்றைத் தொண்ணூறாம் நாளுக்காக எடுத்து வைத்தோம். கடையின் பெயரும் ரசீது நகலும் இணைப்பில் உள்ளன.

3. பத்தாம் நாள் தோகையின் நுனிகள் தீயில் காட்டியதுபோல் கருகின. பக்கத்துக் காட்டு தீர்த்தம்மாள் அக்கா வரப்பில் நின்று, "கரும்புக்கு டியூசன் எடுத்தா இப்பிடித்தான் ஆவும் நிர்மலா, அடுத்த பரீச்சைக்கு மாட்டையும் ஒக்கார வெய்யி" என்றார். அம்மா வீட்டுக்கு வந்து காலண்டரைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். நான் சொன்ன அளவுதான் பயிரைக் கெடுத்தது என்று நானும் நம்பினேன்.

4. காலிச் சாக்கை அம்மா கழுவிய தண்ணீரைக் கொட்டிய இடத்தை எங்கள் மாடு நின்று நக்கியது. விரட்டினாலும் திரும்பி வந்தது. உரம் பட்ட மண்ணை அது இதுவரை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. உரம் அள்ளிய டப்பாவின் அடியில் ஒரு பிடி மீதம் இருந்தது. அதைப் பொட்டலம் கட்டிப் பள்ளிக்கு எடுத்துச் சென்றேன்.

5. வேதியியல் ஆசிரியை கோகிலவாணி அவர்களின் முன்னிலையில் சுடர்ச் சோதனை செய்தேன். ஆய்வகப் பொட்டாசியம் குளோரைடு நீலக் கண்ணாடி வழியே இளம் ஊதாவாகத் தெரிந்தது. எங்கள் உரம் அடர் மஞ்சளாக எரிந்தது. கண்ணாடி வழியே பார்த்தால் எதுவுமே தெரியவில்லை. அந்த மஞ்சள் சாப்பாட்டு உப்பின் நிறம். மூன்று முறை செய்தும் மாறவில்லை. தண்ணீரில் கரைத்தபோது, பொட்டாஷின் சிவப்பு நிறம் வரக் கலந்திருந்த செங்கல் பொடி அடியில் தங்கியது. பள்ளிச் சோதனை சட்டப்படி சான்றாகாது, அரசு மாதிரி எடுக்க வேண்டும் என்று ஆசிரியை கூறினார்.

6. எங்கள் தவறு இதுதான். மிஷின் தையல் போட்ட சாக்கை எங்கள் ஊரில் வாயை அறுத்துத்தான் திறப்பார்கள். கைத்தையல் என்றால் ஒரே இழுப்பில் நூல் வந்துவிடும், சாக்கு முழுசாகக் கிடைக்கும், கேழ்வரகு கொட்ட உதவும். அதனால் பெண்கள் எல்லோரும் கடையில் கைத்தையல் மூட்டையாகப் பார்த்துக் கேட்டு வாங்குகிறோம். கையால் தைத்த மூட்டையில் ஈய முத்திரை இருக்க வேண்டும் என்றும், இல்லையென்றால் அதை யாரோ பிரித்துத் திரும்பத் தைத்திருக்கலாம் என்றும் ஆசிரியை சொன்ன பிறகுதான் தெரிந்தது. எங்கள் மூட்டையில் முத்திரை இல்லை. அன்று மாலை வீடு வீடாகச் சென்று பார்த்தேன். தீர்த்தம்மாள் அக்கா உட்பட பதினொரு வீடுகளில் வேறு பயிர்களுக்கென அதே கடையில் வாங்கிய பொட்டாஷ் மூட்டைகளிலும் அதே நூல், அதே முடிச்சு. அக்கா தன் மூட்டையைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

7. கடை உரிமையாளரிடம் அம்மாவும் நானும் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, "கைத்தையல்தான் வேணும்னு கேட்டது நீங்கதானுங்களே அக்கா? கேட்டதக் குடுத்தேன். பாப்பா, மொதல்ல நீ பன்னெண்டாவது போற வழியப் பாரு" என்றார். மறுநாளே வேனில் வந்து, மிஷின் தையல் மூட்டை ஒன்று தருவதாகவும் பழையதைத் திருப்பித் தரும்படியும் கேட்டார். அம்மா சம்மதிக்கும் நிலையில் இருந்தார். நான் மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். பெரியவர்கள் முன் அப்படிச் செய்தது முறையல்ல என்று அறிவேன்.

8. அம்மாவைக் குறை கூற முடியாது. வரும் சனிக்கிழமை தொண்ணூறாம் நாள். ஞாயிறன்று மண் அணைக்க ஆள் சொல்லியாகிவிட்டது. மண் அணைத்தபின் கரும்பு வரிசைகளுக்கிடையே பாருக்குள் இறங்கிக் குத்தில் உரம் வைக்க இயலாது; நாள் தள்ளி வைத்தாலும் சர்க்கரைச் சத்து குறையும் என்று கையேடு சொல்கிறது. மூட்டையைக் கொடுத்தால் எங்கள் கரும்புக்கு உரம் கிடைக்கும். பதினொரு வீட்டுக்கும் சான்று இல்லாமல் போகும். மற்ற வீடுகளில் எல்லாம் பிரித்துவிட்டார்கள். பிரிக்காதது இது ஒன்றே.

ஆகவே சனிக்கிழமைக்குள் நேரில் வந்து, எங்கள் முன்னிலையில் இம்மூட்டையில் மாதிரி எடுத்து, முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பவும், அக்கடையின் இருப்பை நிறுத்தி வைக்கவும், தொண்ணூறாம் நாளுக்கு நல்ல பொட்டாஷ் கிடைக்க வழி செய்யவும் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவும் கீழே கையொப்பமிட்டுள்ளார்.

உண்மையுள்ள,
கு. யுவராணி
கு. நிர்மலாதேவி

இடம்: சின்னாண்டிகொட்டாய்
நாள்: 23.09.2025

பின்குறிப்பு: மூட்டையை வீட்டில் விட்டுவர பயந்து, இன்று மாலையே அதையும் எடுத்துக்கொண்டு மனுவுடன் வந்தோம். தாங்கள் களப்பணியில் இருப்பதாகவும், மனுவைப் பெட்டியில் போடலாம் என்றும், மூட்டையை வாங்கத் தமக்கு அதிகாரம் இல்லை என்றும் அலுவலக உதவியாளர் கூறினார். எங்கள் வீட்டு வாசலில் மறுபடியும் கடைக்காரரின் வேன் நிற்பதாகத் தீர்த்தம்மாள் அக்கா போனில் சொன்னார். அதனால் மூட்டையைத் திரும்ப எடுத்துப்போக அம்மா மறுத்துவிட்டார். அதன்மேல் இப்போது அவரே உட்கார்ந்திருக்கிறார். அருகில் அலுவலகப் படியில் அமர்ந்து இதை எழுதுகிறேன். 6.10 மணிக்கு அலுவலக விளக்குகள் அணைக்கப்பட்டன.