அண்ணனுக்குக் கொண்டுபோன கருவாடு

ஞாயிறு, இரவு

நேற்றுக் கொழும்புக்குப் போய் இன்று திரும்பியாயிற்று. பஸ்ஸின் ஆட்டம் இன்னும் உடம்பில் இருக்கிறது.

பக்கத்து வீட்டு வசந்திக்குத் துணையாகத்தான் போனேன். தன் அம்மாவின் வருத்தம் மருந்துக்கும் அடங்காமல் முற்றிவிட்டதை, அங்கே இருக்கும் தன் அண்ணனிடம் நேரில் சொல்ல வேண்டும் என்றாள். அம்மா தன் கையால் காயவைத்த பாரைக் கருவாட்டை மகனுக்கென்று பொதி செய்து தந்திருந்தார்.

அண்ணன் எங்களை மாடிக்குக் கூப்பிடவில்லை. கீழே, கார்கள் நிறுத்தும் இடத்தில் நின்றே கதைத்தார்.

"இஞ்ச கருவாடு பொரிக்க ஏலாது தங்கச்சி. மணத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவினம். திருப்பிக் கொண்டு போங்கோ."

வசந்தி "ஓம்" என்றாள். சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

ஊர் திரும்பியதும் தன் வீட்டு வாசலில் வைத்துப் பொதியை என் பையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். அம்மாவின் குரல் எனக்கும் கேட்டது.

"அண்ணன் கருவாடு சாப்பிட்டவனோ?"

"ஓம் அம்மா. அண்ணி உடனே பொரிச்சவ."

பொதி இப்போது என் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் கிடக்கிறது. எறிய மனம் வரவில்லை. என்னாலும் பொரிக்க ஏலாது. எங்கள் இரண்டு வீட்டுக் குசினிகளுக்கும் நடுவில் ஒரு தகரம்தான். தன் கருவாட்டின் மணம் அம்மாவுக்குத் தெரியும்.