பாவற்காய்ச் சாறும் ஒரு துண்டுப் பனங்கட்டியும்

கனடாவிலிருந்து வந்த என் மகன் ஒரு போத்தலை மேசையில் வைத்தான். மஞ்சள்தூள் அடைத்த குளிசை, மாத்திரை. வீக்கத்தை அடக்குமாம், புண்ணை ஆற்றுமாம். மூடியைத் திறந்தேன், உன் வலது காலின் மணம் வந்தது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் சீழும் கலந்த அதே மணம். போத்தலை மூடிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். செத்தவனைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். சொல்லத்தான் போகிறேன். என் ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

புத்தூரில் வெங்காயப் பாத்திக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் மாறும்போது மண்வெட்டி உன் காலைக் கிழித்தது. கிழித்ததே உனக்குத் தெரியவில்லை. சலரோகத்தில், அதுதான் சீனி வருத்தத்தில், பாதம் அவ்வளவு மரத்துப் போயிருந்தது. பத்து நாள் கழித்து, டிஸ்பென்சரியைத் தாண்டிச் சைக்கிளில் போன உன்னை நான் மறித்தபிறகுதான் காலைக் காட்டினாய். அங்கே புண்ணுக்கு மருந்து கட்டுகிறவன் நான். பள்ளியில் உன்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். என்னிடமே மறைக்க உனக்கு எப்படி மனம் வந்தது?

"உது சின்னக் காயம், மச்சான். மஞ்சள் வைச்சுக் கட்டினால் காயும்," என்றாய்.

மஞ்சளில் எனக்குக் கோபமில்லை. உள்ளே இரத்தம் பாகாய் ஓடும்போது வெளியே எதைப் பூசி என்ன பயன்? அது போர்க்காலம், ஊருக்குள் பொருள் வராத தடைக்காலம். மருந்துக்கு அலைந்தோம், கடையில் சீனியைக் கண்டு மாதக்கணக்கு. சீனி இல்லாத ஊரில் சீனி வருத்தத்தால் உன் கால் அழுகியது.

ஒவ்வொரு பின்னேரமும் உன் வீட்டுக்கு வந்து மருந்து கட்டினேன். மீன் கொடு, முட்டை கொடு என்று உன் மனைவியிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

"அது கிரந்தி, அண்ணை. புண் பழுத்திடும் எண்டு எல்லாரும் சொல்லினம்," என்றாள்.

"தசை வளர என்னத்தைச் சாப்பிடுறது, தங்கச்சி? வெறுஞ் சோத்தையோ?" என்று கத்தினேன். அவள் அழுதாள்.

"அவளை ஏன் பேசுறாய்? ஊரிலை இல்லாததையோ அவள் செய்யிறாள்?" என்று நீ என்மேல் பாய்ந்தாய். காலையில் கஞ்சி, மத்தியானம் சோறும் இரசமும், இரவில் பிட்டு. புண்ணுக்குப் பத்தியம் என்ற பேரில் சலரோகத்துக்கு விருந்து வைத்தீர்கள்.

போதாததற்கு உன் வைத்தியம் வேறு. பின்னேரத்தில் ஒரு கிளாஸ் பாவற்காய்ச் சாற்றை முகத்தைச் சுளித்துக் குடிப்பாய். கைப்புப் போக ஒரு துண்டுப் பனங்கட்டி. பிறகு பிளேன்ரி, பால் விடாத வெறுந்தேநீர், வரும். தங்கச்சி பனங்கட்டி இருக்கும் ஓலைக் குட்டானைத் திறந்து, நம் இருவர் உள்ளங்கையிலும் ஆளுக்கொரு துண்டு வைப்பாள். கடித்துக் கடித்துக் குடிப்போம்.

"சீனியைத் தொட்டனியோ?" என்று தினமும் கேட்பேன்.

"சத்தியமாய் இல்லை," என்பாய், கன்னத்தில் பனங்கட்டியை அடக்கிக்கொண்டு.

நீ பொய் சொல்லவில்லை. சீனி கடையில் வாங்குவது. பனங்கட்டி நம் பனை தருவது. நமக்கு இரண்டும் வேறுவேறு. கேட்ட என் கன்னத்திலும் அதுதான் கரைந்துகொண்டிருந்தது.

விரல்கள் கறுத்ததும் உன்னை உழவு இயந்திரத்தில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள். அன்று பின்னேரம் தங்கச்சி தேநீரோடு வழமைபோலப் பனங்கட்டிப் பொட்டலத்தை அவிழ்த்தாள். தாதி பாய்ந்து வந்து பறித்தாள்.

"ஆர் உதைக் குடுத்தது? உதுவும் சீனிதான்!"

நீ தாதியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய்.

"நீ ஒண்டும் சொல்லேல்லையே, மச்சான்."

அவ்வளவுதான். நீ என்னைத் திட்டியிருக்கலாம். காலை எடுத்தும் காய்ச்சல் அடங்கவில்லை. நாலாம் நாள் போய்விட்டாய். திட்டு வாங்காத எனக்கு, உன்மேல் கோபப்படுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

இப்போதும் யாராவது ஆறாத புண்ணோடு என்னிடம் வருவார்கள். சீனியைப் பற்றி நான் கேட்பதில்லை. "தேத்தண்ணிக்கு என்னத்தைக் கடிக்கிறனீங்கள்?" என்றுதான் கேட்கிறேன். உன்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.